மலைப்பாதையில் மட்டும் டர்போ இழுவை போகிறது. வேக்குவம் சோலனாய்டா, டர்போவா?

ஆறாம்கியர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது நான்கு சிலிண்டர் டீசல், இறக்கை அசையும் வகை டர்போ, இதுவரை ஓடியது 1,40,000 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை, நகரத்துக்குள்ளும் இல்லை. மலைப்பாதையில் ஏறும்போது மட்டும், ஏதாவது ஒரு வளைவைத் தாண்டி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி அப்படியே தளர்ந்துபோய், செக் என்ஜின் விளக்கு எரிந்து, அதற்குப் பிறகு 3,000 சுற்றுக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது, அடுத்த சில வளைவு வரைக்கும்.

ஸ்கேனரில் வந்த கோடு பி0299, அதாவது பூஸ்ட் (டர்போ என்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) போதவில்லை. பார்த்த மெக்கானிக் இரண்டு நிமிடத்தில் "டர்போ போயிடுச்சு, மாத்தணும்" என்று முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ஜினுக்குப் பக்கத்தில் மூன்று ஓஸ் சொருகிய கையடக்க டப்பா ஒன்று இருக்கிறது, அதுதான் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு என்கிறார்கள். அது உள்ளே என்னதான் செய்கிறது? அது கெட்டால் இப்படி வருமா?

கரிப்புகை:

டர்போ இறக்கையில் கரி பிடித்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். இந்த வயதில் எல்லா டீசலுக்கும் வருவதுதான்.

பழையடீசல்:

டர்போவில் யாரையும் கை வைக்க விடாதீர்கள், இப்போதைக்கு. உடைந்துபோன டர்போ, சாவியை அணைத்துப் போட்டதும் குணமாகிவிடாது. கட்டுப்பாட்டில் எங்கேயோ கோளாறு என்பதற்கு அதுவே பெரிய அடையாளம். கம்ப்யூட்டர் "நான் கேட்டது கிடைக்கவில்லை" என்று பார்த்து பத்திரம் கருதி, சக்தியைக் குறைத்து ஓட்டும் லிம்ப் மோடுக்குப் போகிறது, சாவியை அணைத்தால் அந்த முடிவு மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

சோலனாய்டு என்ன செய்கிறது என்று கேட்டீர்கள், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். உங்கள் டர்போவின் டர்பைன் பக்கத்தில் சக்கரத்தைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்ன இறக்கைகள் இருக்கின்றன. அவை நெருங்கி மூடினால் புகை ஒடுங்கிய சந்து வழியாக வேகமெடுத்துச் சக்கரத்தை அடிக்கிறது, குறைந்த சுற்றிலும் பூஸ்ட் கிடைக்கிறது. விரிந்தால் புகை தாராளமாகப் போய்விடும், பூஸ்ட் குறையும். இந்த இறக்கைகளை ஒரு கம்பி அசைக்கிறது. கம்பியின் மறுமுனையில் டர்போவின் தகர டப்பா (நீங்கள் சொன்ன மூன்று ஓஸ் டப்பா வேறு), அதற்குள் ஒரு ரப்பர் டயாபிரம், அதாவது சவ்வு, ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் எப்போதும் இறக்கைகளை விரித்து வைக்கப் பார்க்கிறது, டப்பாவுக்குள் வெற்றிடம் வந்தால் வெளிக்காற்று டயாபிரத்தைத் தள்ளிக் கம்பியை உள்ளே இழுத்து இறக்கைகளை மூடுகிறது. ஆக, வெற்றிடம் அதிகம் என்றால் பூஸ்ட் அதிகம். ஓஸ் கழன்றுபோனால் இறக்கை விரிந்தபடி நிற்கும், வண்டி மந்தமாகும், ஆனால் என்ஜின் பிழைக்கும். வேண்டுமென்றே அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த மூன்று ஓஸ். ஒன்று வேக்குவம் பம்பிலிருந்து வருவது, ஒன்று டர்போ டப்பாவுக்குப் போவது, மூன்றாவது ஏர் ஃபில்டர் பக்கமாகவோ சின்ன பஞ்சு மூடி வழியாகவோ வெளிக்காற்றைத் தொடுவது. சோலனாய்டு இந்த வெற்றிடத்தையும் வெளிக்காற்றையும் கலக்கிக் கொடுக்கும் குழாய், குளிக்கும்போது வெந்நீரையும் தண்ணீரையும் கலக்குவோமே அது மாதிரி. கம்ப்யூட்டர் அதற்கு வினாடிக்குப் பல தடவை மின்சாரத்தைக் கொடுத்துக் கொடுத்து நிறுத்துகிறது. கொடுக்கும் நேரத்தின் விகிதம்தான் ஸ்கேனரில் டூட்டி என்று சதவீதமாகத் தெரிவது.

ஓம்மீட்டர்:

பழையடீசல் சொன்னதில் ஒரு சின்னச் சேர்ப்பு. இந்த வகை சோலனாய்டு வெறுமனே திறந்து மூடுவது இல்லை, உள்ளேயும் ஒரு டயாபிரம் இருக்கிறது. சுருளின் காந்த விசை ஒரு பக்கம் இழுக்க, வெளியே கொடுக்கும் வெற்றிடம் மறுபக்கம் இழுக்கிறது. இரண்டும் சமமானதும் இரு வழிகளும் மூடிக்கொள்ளும். அதனால்தான் குறிப்பிட்ட டூட்டிக்குக் குறிப்பிட்ட வெற்றிடம் என்று நிற்கிறது. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிக்காரர்கள் என்75 என்று பெயர் சொல்லியே திட்டுவார்களே, அது பூஸ்டைக் கவனிப்பது. பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் இன்னொரு வகை வெறும் திற-மூடு வால்வு. இரண்டையும் மாற்றி மாட்டினால் வம்பு.

மின்சாரக் கோளாறு என்றால் வேறு கோடு வரும். பி0243, பி0045 இந்தக் குடும்பம். பி0299 மட்டும் வந்தால் சுருளும் ஒயரும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் மீட்டரை வைத்து ஓம்ஸ் பாருங்கள், டீசல் என்75 என்றால் 14 முதல் 20 ஓம்ஸுக்குள் இருக்க வேண்டும். சூடான பிறகும் ஒரு தடவை அளந்து பாருங்கள், செம்புச் சுருளின் தடை சூட்டில் ஏறும், 50 டிகிரி கூடினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

பெட்ரோல்பிரியன்:

ஒரு நிமிடம். எல்லோரும் "ஓஸ் கழன்றால் பூஸ்ட் குறையும்" என்கிறீர்கள். என் அனுபவம் நேர் எதிர். என் பழைய பெட்ரோல் வண்டியில் டப்பாவுக்குப் போகும் ஓஸ் பிளந்துபோய் பூஸ்ட் கண்டபடி ஏறி, கம்ப்யூட்டர் எரிபொருளையே வெட்டியது. நெடுஞ்சாலையில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல இருந்தது. புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஓஸ் ஒழுகினாலும் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

பழையடீசல்:

நியாயமான எச்சரிக்கை, ஆனால் உங்கள் வண்டி வேறு ஜாதி. அது வேஸ்ட்கேட் வகை (புகையில் ஒரு பகுதியை டர்பைனைச் சுற்றி வெளியே விடும் கதவு), வெற்றிடத்தால் இல்லை, அழுத்தத்தால் ஓடுவது. அதில் ஸ்பிரிங் வேஸ்ட்கேட்டை மூடி வைத்திருக்கும், கம்ப்ரசரிலிருந்து வரும் பூஸ்ட் அழுத்தமே டயாபிரத்தைத் தள்ளி அதைத் திறக்கும். நடுவில் இருக்கும் சோலனாய்டு அந்த அழுத்தத்தில் கொஞ்சத்தைத் திருடி இன்டேக் பக்கம் விட்டுவிடுகிறது. எவ்வளவு திருடுகிறதோ அவ்வளவு தாமதமாக வேஸ்ட்கேட் திறக்கும், பூஸ்ட் ஏறும். அதில் சோலனாய்டின் மின்சாரம் போனால் திருட்டு நின்று, ஸ்பிரிங் அனுமதிக்கும் அடிப்படைப் பூஸ்டோடு நின்றுவிடும், ஆபத்தில்லை. ஓஸ் பிளந்தால் டப்பாவுக்குச் செய்தியே போகாது, வேஸ்ட்கேட் மூடியே கிடக்கும், பூஸ்ட் எகிறும். நீங்கள் பட்டது அது.

ஆகவே எந்த வண்டியானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த டப்பா அழுத்தத்தில் ஓடுகிறதா, வெற்றிடத்தில் ஓடுகிறதா? அது தெரியாமல் கொடுக்கும் யோசனை எல்லாம் பாதி நேரம் தலைகீழாகத்தான் முடியும். பெட்ரோல் எல்லாம் அழுத்தம், டீசல் எல்லாம் வெற்றிடம் என்றும் பிரிக்க முடியாது. பிஎம்டபிள்யூவின் என்54 பெட்ரோல் என்ஜின், 2006-ல் வந்தது, இரட்டை டர்போ, இரண்டு வேஸ்ட்கேட்டும் வெற்றிடத்தால் மூடுபவை, அதற்காகவே வேக்குவம் பம்பும் சேமிப்பு அறையும் உண்டு. அதில் வெற்றிடம் போனால் வேஸ்ட்கேட் இறுகி மூடாது, பூஸ்ட் குறையும், உங்கள் அனுபவத்துக்கு நேர் எதிர்.

பெட்ரோல்பிரியன்:

சரி, ஒப்புக்கொள்கிறேன். அழுத்த வகையில் இந்தத் திருட்டு வேலையை ரொம்ப முன்னாலேயே அழகாகச் செய்தவர்கள் சாப்காரர்கள். 1982 வாக்கில் ஏபிசி என்று கொண்டுவந்தார்கள், என்ஜினில் நாக் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் தட்டல் சத்தம்) கேட்டால் சென்சார் சொல்லும், சோலனாய்டு உடனே பூஸ்டைக் குறைக்கும். எந்தத் தரத்துப் பெட்ரோல் ஊற்றினாலும் வண்டி தானே சமாளித்துக்கொள்ளும். இன்றைக்கும் அடிப்படை அதேதான், கணக்குப் போடும் மூளை மட்டும் பெரிதாகிவிட்டது.

புதுசு99:

நானும் படித்துக்கொண்டே வருகிறேன். ஒரு சின்னக் குழப்பம். என் வண்டியில் ஸ்கேனர் 2,100 மில்லிபார் காட்டுகிறது. 2.1 பார் பூஸ்டா? பயமாக இருக்கிறது.

ஓம்மீட்டர்:

இல்லை. சென்சார் காட்டுவது முழு அழுத்தம், நம்மைச் சுற்றியிருக்கும் காற்றையும் சேர்த்து. கடல் மட்டத்தில் அது 1,013 மில்லிபார். கழித்துக்கொள்ளுங்கள், உங்கள் பூஸ்ட் ஏறக்குறைய 1.1 பார். என்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள், அப்போது காட்டுவது வெறும் வெளிக்காற்று.

ரோட்டரி:

ஓஸ் பேச்சு வந்ததால் சம்பந்தமில்லாமல் ஒரு புலம்பல். 1991-ல் வந்த மஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டியின் என்ஜின் மேல்புறத்தைத் திறந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரண்டு டர்போ, சின்ன சுற்றில் ஒன்று மட்டும், சுற்று ஏறியதும் இரண்டாவதும் சேரும். அந்தச் சேர்க்கையைச் செய்வது முழுக்க முழுக்க சோலனாய்டும் ஓஸும்தான். வெற்றிடத்துக்கு ஒரு சேமிப்புக் கலம், அழுத்தத்துக்கு இன்னொரு கலம், நடுவில் தலைமுடி சிக்கல் மாதிரி ஓஸ்கள். சூட்டில் வெந்து கெட்டியாகிப் போன ஓஸ் ஒன்று கழன்றாலும் இரண்டாவது டர்போ வராது. எந்த ஓஸ் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆறாம்கியருக்கு மூன்றே ஓஸ். புண்ணியவான்.

ஆறாம்கியர்:

மூன்று ஓஸுக்கே இந்தப் பாடு!

நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். நீங்கள் எல்லோரும் சோலனாய்டு பற்றியே பேசியதால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். நேற்று மலைக்குப் போய்ப் பார்த்தேன். ஏழாவது வளைவில் அதே கதை, அதே பி0299. இந்தத் தடவை போனில் பதிவு எடுத்திருக்கிறேன். கோளாறு வந்த இடத்தில் இரண்டாவது கியர், 1,450 சுற்று, கம்ப்யூட்டர் கேட்டது 1,950 மில்லிபார், கிடைத்தது 1,420. டூட்டி மேலே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. நெடுஞ்சாலைப் பதிவில் கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே போகின்றன.

பழையடீசல்:

நாங்கள் விளக்கத்தான் செய்தோம் தம்பி, வாங்கச் சொல்லவில்லை. போகட்டும், பதிவு எடுத்தீர்களே அதுதான் காசு.

டூட்டி முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் தான் கேட்ட பூஸ்டையும் சென்சார் சொல்லும் பூஸ்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும், குறைந்தால் டூட்டியை ஏற்றும், அப்புறமும் குறைந்தால் இன்னும் ஏற்றும். அதனால் சின்னச் சின்னக் கசிவு எல்லாம் வெளியே தெரியவே தெரியாது, டூட்டி சத்தமில்லாமல் கூடிக்கொண்டே போய் அவற்றை மூடி மறைத்துவிடும். வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ஏற்றுவதற்கு இனி இடமில்லை என்ற நாளில்தான் விளக்கு எரியும். உங்கள் கம்ப்யூட்டர் தன்னால் ஆனதையெல்லாம் கேட்டுவிட்டது, சோலனாய்டும் புதிது. அப்படியானால் மிச்சம் இரண்டு: சோலனாய்டுக்கு வந்து சேரும் வெற்றிடமே போதவில்லை, அல்லது சோலனாய்டைத் தாண்டி டப்பா, இறக்கை, காற்றுக்குழாய் இவற்றில் ஏதோ ஒன்று. ஒரு எச்சரிக்கை, டூட்டி ஏறினால் வெற்றிடம் ஏறும் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது, சிலவற்றில் கணக்கு தலைகீழ். உங்கள் நெடுஞ்சாலைப் பதிவில் சுற்று குறைந்து பூஸ்ட் தேவைப்படும் இடத்தில் டூட்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கேஜோடு கூடிய கை வேக்குவம் பம்பு ஒன்று இரவல் கிடைக்குமா? டர்போ டப்பாவின் ஓஸைக் கழற்றிவிட்டு இந்தப் பம்பை மாட்டி மெதுவாக இழுங்கள். பொதுவாக 0.15 பார் அளவில் கம்பி அசையத் தொடங்கி 0.6 பாருக்குள் முழுசாக உள்ளே போய் முட்ட வேண்டும். போகும்போது தட்டுத் தடுமாறாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். விட்டதும் அதே மாதிரி திரும்ப வேண்டும். இழுத்த நிலையில் ஐந்து நிமிடம் விட்டால் கேஜ் முள் இறங்கக் கூடாது.

கரிப்புகை:

நான் இன்னமும் கரி என்றுதான் சொல்வேன். இறக்கை பாதி விரிந்த நிலையில் சிக்கினால் குறைந்த சுற்றில் இப்படித்தான் பூஸ்ட் வராது.

பழையடீசல்:

வரலாம், மறுக்கவில்லை. ஆனால் கரி மலையில் மட்டும் பிடிக்காதே. மேலும், கரியில் சிக்கிய இறக்கை பொதுவாக இரண்டு பக்கமும் தொந்தரவு தரும், முந்தும்போது மூடிய நிலையில் மாட்டிக்கொண்டு பூஸ்ட் மிஞ்சிப்போய் பி0234-உம் எப்போதாவது எட்டிப்பார்க்கும். கம்பியை இழுத்துப் பார்த்தால் சண்டையே தேவையில்லை.

ஆறாம்கியர்:

பார்த்துவிட்டேன். 0.17-ல் அசையத் தொடங்கி, 0.6-ல் முட்டுகிறது. வெண்ணெய் மாதிரி போகிறது, வருகிறது. பத்து நிமிடம் விட்டேன், முள் நகரவில்லை. காற்றுக்குழாய்களையும் இன்டர்கூலரையும் தடவிப் பார்த்தேன், எண்ணெய்க் கசிவு எங்கேயும் இல்லை.

சோலனாய்டுக்கு வரும் ஓஸில் கேஜைப் போட்டு ஐடிலில் அளந்தேன், 0.88 பார். நன்றாகத்தானே இருக்கிறது? இப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. டர்போவும் சரி, சோலனாய்டும் புதிது, பம்பும் நன்றாக இழுக்கிறது.

கரிப்புகை:

சரி, கரி இல்லை. வாபஸ்.

பழையடீசல்:

0.88 நல்ல அளவுதான். ஒன்று யோசிக்கலாம், மலையின் உயரம். வெற்றிடம் என்று தனியாக ஒரு பொருள் இல்லை, வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே சுமார் 800 மில்லிபார்தான். கீழே 0.88 இழுக்கும் பம்பு அங்கே 0.7 பக்கம்தான் தரும். உங்கள் டப்பாவுக்கு 0.6 போதும் என்பதால் ஓட வேண்டும், ஆனால் கையில் இருக்கும் உபரி ரொம்ப மெலிந்துபோகிறது. வேறு ஏதாவது ஒரு சின்னக் குறை சேர்ந்தால் அங்கே விழும், கீழே விழாது. அந்தச் சின்னக் குறை எது என்றுதான் பிடிபடவில்லை. ஓஸ் சூட்டில் இளகி உள்ளே ஒட்டிக்கொள்கிறதா? யாராவது இடையில் எரிபொருள் ஓஸ் போட்டிருந்தால் அப்படி ஆகும், வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருப்பது போலவே இருக்கும்.

புதுசு99:

தப்பாக இருந்தால் மன்னிக்கவும், அண்ணா. பிரேக் மிதிப்பைப் பலப்படுத்தும் பிரேக் பூஸ்டருக்கும் இதே வேக்குவம் பம்பு தானே? வளைவு என்றால் எல்லோரும் முன்னாலேயே பிரேக் போட்டுவிட்டுத்தானே திரும்புவோம்? அப்போது பிரேக் அந்த வெற்றிடத்தைச் சாப்பிட்டுவிடாதா?

பழையடீசல்:

தம்பி, இங்கே வா, உன் கையைக் கொடு.

நாங்கள் எல்லோரும் மலை என்றதும் பாரம், ஏற்றம், சூடு என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். வளைவுக்கு முன்னால் பிரேக் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆறாம்கியர் முதல் பதிவிலேயே "வளைவைத் தாண்டி" என்று எழுதியிருக்கிறார், பாருங்கள்.

பெட்ரோல் என்ஜினில் த்ராட்டில் மூடும்போது இன்டேக்கிலேயே வெற்றிடம் கிடைத்துவிடும், டீசலில் அது இல்லை, அதனால்தான் தனிப் பம்பு. சிலவற்றில் கேம்ஷாஃப்டின் நுனியில், பழைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகில். அந்தப் பம்பு முதலில் பிரேக்குக்குத்தான், டர்போ ஓசியில் பங்கு கேட்கிறது. பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பூஸ்டருக்குள் காற்று நுழைகிறது, அதைப் பம்பு உறிஞ்சி முடிக்கும் வரை மொத்த லைனிலும் வெற்றிடம் குறையும். இதற்காகவே டர்போவுக்குப் பிரியும் கிளையில் ஒரு செக் வால்வும், பல வண்டிகளில் ஒரு சின்ன சேமிப்புக் கலமும் வைப்பார்கள். பிரேக் அந்தப் பக்கம் எவ்வளவு குடித்தாலும் இந்தப் பக்கம் சேர்த்து வைத்தது திரும்பி ஓடாது.

ஆறாம்கியர், கேஜை அதே இடத்தில் டி ஜாயின்ட் போட்டு மாட்டுங்கள், ஓஸ் கழற்றி அடைக்க வேண்டாம். வண்டி ஐடிலில் ஓடட்டும். இன்னொருவரை உட்காரவைத்து பிரேக்கை மூன்று தடவை நன்றாக மிதித்துவிடச் சொல்லிவிட்டு முள்ளைப் பாருங்கள்.

பெட்ரோல்பிரியன்:

நல்ல யோசனைதான், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. நகரத்தில் நாம் மலையைவிட அதிகமாகப் பிரேக் போடுகிறோம். அங்கே ஏன் வருவதில்லை?

ஓம்மீட்டர்:

நகரத்தில் பிரேக் விட்டதும் முழுசாக அழுத்துவது இல்லை, கேட்கும் பூஸ்டே சொற்பம். கோடு பதிவாக வேண்டுமானால் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் பெரிய இடைவெளி சில வினாடிகள் தொடர வேண்டும், நொடிப்பொழுது குறைந்தால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. கொண்டை ஊசி வளைவில் என்ன நடக்கிறது பாருங்கள். பிரேக், இரண்டாவது கியர், உடனே முழு ஆக்சிலரேட்டர். என்ஜின் 1,400 சுற்றில் இருக்கிறது, அந்தச் சுற்றில்தான் இறக்கைகள் முழுசாக மூட வேண்டும், அதாவது வெற்றிடம் அதிகபட்சம் தேவை. அதே சுற்றில்தான் பம்பும் மெதுவாக ஓடுகிறது. பழையடீசல் சொன்ன உயரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே இரண்டு வினாடிக்குள் வந்து மோதுகிறது.

பெட்ரோல்பிரியன்:

ம்ம். எதிர்வாதம் தோன்றவில்லை. கேஜ் சொல்லட்டும்.

ஆறாம்கியர்:

கேஜ் சொல்லிவிட்டது. ஐடிலில் 0.88. மூன்று மிதி. முள் 0.35-க்கு விழுந்தது, கண்ணெதிரே. மறுபடி 0.6-ஐத் தொட ஏழு வினாடி, 0.85-க்கு வர இன்னும் கொஞ்ச நேரம். வீடியோ எடுத்திருக்கிறேன், என் மனைவி "ஏன் இப்படிக் கத்துகிறீர்கள்" என்று கேட்பதும் அதில் இருக்கிறது.

ரோட்டரி:

செக் வால்வைப் பாருங்கள். வாயில் வைத்து ஊதினால் ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. அம்புக்குறியும் இருக்கும், திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஆறாம்கியர்:

கேளுங்கள் இந்தக் கதையை. ஓஸைத் தடவிக்கொண்டே போனேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பிரேக் லைனிலிருந்து டர்போ கிளை பிரியும் இடம். அங்கே செக் வால்வு இருக்க வேண்டும் என்று வண்டியின் வரைபடத்தில் போட்டிருக்கிறது. என் வண்டியில் அந்த இடத்தில் இருந்தது வெறும் பிளாஸ்டிக் ஜாயின்ட். நேர் ஓட்டை, இரண்டு பக்கமும் ஊதலாம். இரண்டு வருடம் முன்னால் ஓஸ் ஒன்று கிழிந்து வேறொரு பட்டறையில் மாற்றியது ஞாபகம் வருகிறது. வால்வு உடைந்திருக்கும், கையில் கிடைத்ததைச் சொருகிவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் நான் மலைப்பக்கமே போகவில்லை. இந்த வருடம்தான் போக ஆரம்பித்தேன்.

பழையடீசல்:

ஹா! ஐடிலில் சும்மா நிற்கும்போது அளந்தால் வால்வு இருந்தாலும் 0.88, இல்லாவிட்டாலும் 0.88. அதனால்தான் நாமும் அந்த அளவைப் பார்த்துவிட்டு பம்பு சரி என்று கடந்துபோனோம்.

புது வால்வு வாங்கும்போது ஓஸின் உள்விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள். தடிமனான ஓஸோ தேவைக்கு மேல் நீளமான ஓஸோ போட்டால் காலி செய்ய வேண்டிய காற்று கூடி, டப்பா தாமதமாகப் பேசும். தாமதமானால் கம்ப்யூட்டர் பொறுமையிழந்து டூட்டியை அதிகமாக ஏற்றி, பூஸ்ட் முதலில் மிஞ்சி அப்புறம் தாழ்ந்து ஊஞ்சலாடும். அத்தோடு சோலனாய்டின் வெளிக்காற்று வழியில் இருக்கும் பஞ்சையும் ஊதிச் சுத்தம் செய்துவிடுங்கள். அது அடைத்தால் டப்பாவுக்குள் போன வெற்றிடம் வெளியேற முடியாமல் இறக்கை மூடியே நிற்கும், பூஸ்ட் மிஞ்சிய கோளாறு வரும். உங்களுக்கு இப்போது அது இல்லை, ஆனால் பெட்டியைத் திறந்த கையோடு முடித்துவிடலாம்.

புதுசு99:

அப்படியானால் பிரேக்குக்கும் ஆபத்து இருந்ததா, அண்ணா?

பழையடீசல்:

நல்ல கேள்வி. பிரேக் பூஸ்டரின் வாயிலேயே தனியாக ஒரு செக் வால்வு எப்போதும் உண்டு, அது இவருடைய வண்டியில் இருந்திருக்கிறது. அதனால் டர்போ பக்கம் கசிந்தாலும் பூஸ்டருக்குள் சேர்ந்த வெற்றிடம் உடனே ஓடிவிடாது. ஆனால் யாருக்காவது பூஸ்ட் குறைவதோடு பிரேக் பெடலும் கல் மாதிரி இறுகினால், டர்போவை மறந்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள். அது பம்போ பெரிய கசிவோதான், அதை ஓட்டிப் பார்த்து ஆராயக் கூடாது.

ஆறாம்கியர்:

பத்து நாள் கழித்து வருகிறேன். வால்வு போட்டாயிற்று. அதே சோதனை: ஐடிலில் 0.88, மூன்று மிதி, முள் 0.82 வரைக்கும் இறங்கி நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதே மலை, அதே வளைவுகள், வேண்டுமென்றே ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தி, வெளியே வந்ததும் முழு ஆக்சிலரேட்டர். ஏழாவது வளைவில் கொஞ்சம் பயந்தேன். பதிவில் கேட்டது 1,950, கிடைத்தது 1,930. உச்சி வரை விளக்கு எரியவில்லை, டூட்டி எங்கேயும் முட்டவில்லை.

கரிப்புகை:

வாழ்த்துகள். ஆமாம், அந்தப் பழைய சோலனாய்டு என்ன ஆனது?

ஆறாம்கியர்:

ஓம்ஸ் பார்த்தேன், 16. அதையே திரும்ப மாட்டிவிட்டேன், மலையேறியது அதோடுதான். புதிது டேஷ்போர்டு டிராயரில் தூங்குகிறது. யாராவது கேட்டால் என்75 ஒன்று சும்மா கிடக்கிறது என்று சொல்லுங்கள்.

ரோட்டரி:

என் வண்டிக்கு அது மாதிரி ஒரு டஜன் வேண்டும். பொருந்தாதுதான், ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.